மதகுக்குக் கொடுத்த வசனம்

அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மழை விடவில்லை, குளிர் தாங்கவில்லை, இட்லி மாவு புளிக்கவில்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் மற்ற பேச்சு. போன மாதம் புதிதாக ஒன்று சொன்னாள். அங்கே ரேடியோவிலும் டிவியிலும் ஒரு நிகழ்ச்சி வருகிறதாம். நாட்டை ஆள்கிறவர்களைப் போலவே குரல் மாற்றிப் பேசி, துண்டு துண்டு நாடகமாகப் போட்டு, அவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார்களாம்.

"அடி விழாதா?" என்று கேட்டேன்.

"அட போங்க மாமா. இவங்க கிண்டல் பண்ண மந்திரியே நேர்ல வந்து, அவர மாதிரி பேசுனவரு தோள்ல கை போட்டுக்கினு நிக்கிறாரு. போட்டோ பாத்தேன். இன்னா பெருந்தன்மை!"

"சிரிச்சாரா?"

"வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறாரு."

"அப்ப அந்த நடிகர ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

"உங்களுக்கு எல்லாமே ஜோக்குதான் மாமா" என்று போனை வைத்துவிட்டாள். உண்மைதான். எனக்குப் பயம் வந்தால் ஜோக்கு வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு இவை இரண்டும் வந்து, கூடவே ஜோக்கும் வரும். அதைக் கேட்டு அடுத்தவன் சிரிப்பதற்குள் நான் பாத்ரூமில் இருப்பேன்.

எண்பதுகளில் நான் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் குமாஸ்தா. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருகிற தூரம். எந்த யூனியன் என்று சொல்ல மாட்டேன். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். என் பயம் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பனுக்குப் பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம், அதுவும் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். அந்த ஏரி ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் மாதிரி நிரம்பும். நிரம்பி என்ன? மதகின் பலகை உளுத்து, சுற்றியிருந்த கல்கட்டு சரிந்து, தண்ணீர் இரவும் பகலும் ஓடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். நெல் பால் பிடிக்கிற சமயத்தில் ஏரியில் சேறுதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஊர் ஆம்பிளைகள் ஏரிக்குள் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று, வைக்கோல் பிரியையும் மண் மூட்டையையும் மதகின் வாயில் திணிப்பார்கள். சில நாள் நிற்கும். பிறகு பிய்த்துக்கொண்டு போகும். மறுபடியும் இறங்குவார்கள்.

சின்ன ஏரிகளின் மதகைக் கட்டித்தர வேண்டியது யூனியன்தான். அதாவது என் ஆபீஸ். ஊரார் மனு கொடுப்பார்கள். 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று நான் பதில் எழுதுவேன். மேல் என்பது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்துக்கே ஒரு பெரிய கட்சிக்காரர் இருந்தார். ரைஸ் மில் முதலாளி. எல்லோருக்கும் 'தலைவர்'. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எதுவாக இருந்தாலும் வந்து, இலையில் உட்காரும் முன் "மதகு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். தவலைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி குரல். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் தோள் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கருணையா, கண் நோயா என்று யாரும் கேட்டதில்லை.

என் நண்பனின் வித்தை அந்த ஏரித் தண்ணீரில்தான் பிறந்தது. குளிரில் பல் கிட்டிக்க எல்லோரும் மூட்டை திணித்துக்கொண்டிருக்கும்போது இவன் தலைவர் குரலில் ஆரம்பிப்பான். "அன்புள்ளம் கொண்ட மண் மூட்டைகளே!" நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தர் கையிலிருந்த மூட்டை நழுவி ஓடையோடு போய்விட்டதாகச் சொல்வார்கள்.

நான் ஒருநாள் கரையில் நின்று அதைக் கேட்டேன். கரையில்தான் நின்றேன், எனக்கு நீச்சல் தெரியாது. "மச்சான், இத மேடையில பண்ணுடா" என்றேன்.

"பண்ணா இன்னா ஆவும்?"

"ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா?"

"தலைவருக்கு ரோஷம் வரும்."

"ரோஷம் வந்தா மதகு வருமா?"

"வரலாம்."

"அப்ப எழுது" என்றான். அவன் மேடை ஏறியது அதற்காகத்தான். கைத்தட்டல் மேல் அவனுக்கு ஆசை கிடையாது. அந்த ஆசை எனக்குத்தான். கூடவே உதையும் விழக்கூடாது என்ற ஆசை.

எழுதினேன். ரேடியோ செய்தியைக் கிண்டலடிக்கிற நாடகம். நான் செய்தி வாசிப்பவன், பிறகு நிருபர். அவன் தலைவர். காணும் பொங்கலன்று பகலில், விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானத்தில், உறியடிக்கும் ஸ்லோ சைக்கிள் ரேசுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அரசு ஊழியன் அரசியல் மேடை ஏறினான் என்று யாராவது எழுதிப்போட்டால் கல்வராயன் மலைக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள். ஆகவே நான் மாறுவேடத்தில் போனேன். மங்கி குல்லா, கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மப்ளர். உச்சி வெயில். மேடையில் ஏறியதும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாகச் சொன்னது: "ஏன்டி, இது நம்ம யூனியன் ஆபீஸ் சாருதானே? ஒடம்பு சரியில்லையா பாவம்!"

ஒடம்பு அப்போதுதான் சரியில்லாமல் போனது.

நாடகத்தின் உயிர் கடைசிக் கேள்வியில் இருந்தது. நிருபர் கேட்பான்: "தலைவரே, ஏரி வத்திப் போச்சே, இன்னா செய்யப் போறீங்க?" தலைவர் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொல்வார்: "ஏரி வத்தினா இன்னா தம்பி? என் கண்ணு வத்தல!" சொல்லிக்கொண்டே துண்டைப் பிழிவார். துண்டை முன்னாலேயே குடத்தில் முக்கி வைத்திருப்போம். மேடையில் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றும். உடனே நிருபர் மண்வெட்டியை எடுத்து அந்தத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவான்.

மைதானம் உருண்டு சிரித்தது. பக்கத்தில் ஸ்லோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக் காலை ஊன்றிவிட்டார்கள். அந்த வருஷம் ஸ்லோ ரேசில் யாரும் ஜெயிக்கவில்லை.

பிறகு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஓமந்தூர், அனந்தபுரம் என்று எங்கே விழா நடந்தாலும் எங்கள் துண்டு நனைந்தது. அந்தப் பேரில் வானொலி நிலையத்திலிருந்தும் அழைப்பு வந்தது. கிராமத்தாருக்கான நிகழ்ச்சியில் சிரிப்பு நாடகம். நண்பன் சலவை வேட்டியில் வந்தான். ரேடியோவில் மதகைப் பற்றிச் சொல்லிவிட்டால் நாடே கேட்கும் என்று நம்பினான்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். எங்கள் எழுத்துப்படியைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தலைவர் வேண்டாம்."

"யாரு பேரும் சொல்லலையே சார்" என்றேன்.

"தலைவர்னாலே அரசியல். மாமியாரா மாத்திடுங்க."

"மாமியாரா?" என்றான் நண்பன்.

"மாமியாரை யார் வேணா கிண்டல் பண்ணலாம், அனுமதி உண்டு. ஏரியும் வேண்டாம். குடம்னு போட்டுக்குங்க."

"மதகு சார்?"

"குடத்துக்கு ஏதுப்பா மதகு?"

அப்படியாக, காற்றில் போனது ஒரு மாமியார் நாடகம். "கொடம் வத்தினா இன்னா மருமகளே? என் கண்ணு வத்தல!" ஒலிபரப்பான சாயங்காலம் திண்டிவனத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். நண்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தி, ரேடியோவைப் பார்த்து, "யோவ், நம்ம தலைவரு எப்பய்யா மாமியாரா ஆனாரு?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் டீயைத் துப்பினார்கள். சேலை கட்டினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

நண்பனின் முகம் மலர்ந்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ரைஸ் மில்லிலிருந்து ஆள் வந்தது. "தலைவரு ரெண்டு பேரையும் ஜல்தியா கூட்டியாரச் சொன்னாரு." எதற்கு என்று கேட்டதற்கு, "வந்தா தெரியும்" என்றான். உதைக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதும் இதேதான்.

நான் என் அறிவுக்கு எட்டிய தற்காப்பைச் செய்துகொண்டேன். மூன்று பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் சட்டை. சித்திரை மாத வெயில். முதுகுப் பக்கம் ஒரு ஆனந்த விகடன் அளவு வாரப் பத்திரிகையையும் செருகிக்கொண்டேன். நண்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாடா இது, நெல்லு மூட்டை மாதிரி வர்றே? ரைஸ் மில்லுக்குப் போறோம், அரைச்சிடப் போறானுங்க."

மில்லில் தவிட்டு வாசனை. தலைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். நான் வணக்கம் வைத்தேன், வியர்வை முழங்கை வழியாக ஒழுகியது.

"யாரு குரல் குடுத்தது?" என்றார் தவலைக்குள்ளிருந்து.

"நான்தாங்க" என்றான் நண்பன்.

"பண்ணிக் காட்டு."

"இங்கியாங்க?"

"இங்கதான். எம் மூஞ்சிக்கு நேரா பண்ணு."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டையே கேட்டு வாங்கி, கண்ணில் ஒற்றி, அவர் குரலிலேயே சொன்னான். "ஏரி வத்தினா இன்னா? என் கண்ணு வத்தல!"

நான் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

தலைவர் சிரித்தார். லேசாகத் தொடங்கி, கட்டில் கிறீச்சிட, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். ஆட்களும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. அந்த மகிழ்ச்சியில் நானும் சிரித்தேன், அங்கிருந்த எல்லோரையும்விடச் சத்தமாக.

"யாரு எழுதனது?"

"இவன்தாங்க" என்று மூட்டையைக் காட்டினான்.

"நல்ல வசனம்யா. எத்தினி வருசமா பேசிக்கினு இருக்கேன், எனக்கு இப்பிடி ஒண்ணு தோணலியே. எலெக்சன் வருது, நான் சேர்மனுக்கு நிக்கிறேன். இந்த வசனத்த எனக்குக் குடுத்துடுங்க. இன்னா வேணும், கேளுங்க."

நான் 'ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நண்பன் முந்திக்கொண்டான்.

"மதகக் கட்டிக் குடுங்க தலைவரே. வசனத்த எடுத்துக்குங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"ஜெயிச்ச மறுநாளே மதகு. இது சத்தியம்" என்று துண்டைத் திருப்பி வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் நண்பன் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தான். "ஒரு வார்த்தைக்கு ஒரு மதகு மச்சான். எவனுக்குடா கெடைக்கும்?" என்றான். நான் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

தேர்தல் வந்தது. தலைவர் அந்த வசனத்தை முதல் கூட்டத்தில் சொன்னபோது நாங்கள் பின்னால் நின்றிருந்தோம். அவருக்குத் துண்டை நனைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "ஏரி வத்தினா இன்னா? என் கண்ணு வத்தல!" என்றதும் நிஜமான கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கூட்டம் சிரிக்கும் என்று நான் காத்திருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். எழுதிய நானே கை கூப்பிவிட்டேன் என்றால் பாருங்கள். என் அயோக்கியக் கை.

பத்து நாளில் தலைவரின் குரல் கட்டிப்போனது. வேனில் முன்னால் அவர் கைகூப்பிக்கொண்டு நிற்க, உள்ளே தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசியவன் என் நண்பன். அவர் வாயை அசைப்பார், குழாய் ஸ்பீக்கரில் இவன் குரல் வரும். தன் ஊருக்குள் வேன் வந்தபோது மட்டும் இவன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். "ஜெயிச்ச மறுநாளே உங்க மதகு!" அதோடு விடாமல், வேனை விட்டு இறங்கி வீடு வீடாகப் போய் சொந்தக் குரலிலும் சொன்னான். "இந்த வாட்டி நம்பலாம். எங்கிட்ட சத்தியம் பண்ணிருக்காரு."

ஜெயித்தார். என் ஆபீசுக்கே சேர்மனாக வந்து உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கிண்டலடித்த ஒரே மனிதர் என் தலைக்கு மேலே, பக்கத்து அறையில், காலிங் பெல்லோடு. அந்த மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகில் ஒரு வாரப் பத்திரிகை வேண்டியிருந்தது. அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. பார்க்கும்போதெல்லாம் "புதுசா ஏதாச்சும் எழுதினியா?" என்று மட்டும் கேட்பார்.

மறுநாள் மதகு வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. நண்பன் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்காருவான். "இன்னாடா ஆச்சு?" என்பான். நான் 'மேல்நடவடிக்கை' என்று வாயெடுப்பேன். "அத ஊருக்கு எழுது. எங்கிட்ட சொல்லாத" என்பான்.

ஆவணியில் ஒரு வழியாக அடிக்கல் நாட்டினார்கள். மதகின் பக்கத்தில் ஆள் அகலத்துக்குக் கருங்கல் பலகை, சேர்மன் பேர் பொன் எழுத்தில். வாழைமரம், மேளம். சேர்மன் அழுதார். ஊரார் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஒரு கூடை மணல்கூட வரவில்லை.

ஐப்பசி மழை வந்தது, ஏரி நிரம்பியது, மதகு ஒழுகியது. வைக்கோல் பிரியும் மண் மூட்டையுமாக ஊர் மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. நான் வழக்கம்போலக் கரையில் நின்றேன். எல்லோரும் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நண்பன் அந்த இறுக்கத்தைத் தளர்த்த நினைத்தான் போல. தவலைக் குரலில் ஆரம்பித்தான். "அன்புள்ளம் கொண்ட மண் மூட்டைகளே..."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் மூட்டை பிடித்திருந்த பங்காளி முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "போதும் நிறுத்துப்பா. இந்தக் கொரலுக்குத்தான ஓட்டுப் போட்டோம்."

நண்பன் மூட்டையை விட்டுவிட்டுக் கரையேறினான். ஈரம் சொட்டச் சொட்ட நேராக அடிக்கல்லிடம் போய், கரையில் கிடந்த கடப்பாரையை அதன் அடியில் கொடுத்தான்.

"டேய், டேய், கவர்மெண்ட் கல்லுடா!" என்று நான் கத்தினேன். "நான் இங்க நிக்கிறேன்டா! நான் பாக்கிறேன்டா!"

"கண்ண மூடிக்கோ" என்றான்.

மூடிக்கொண்டேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பங்காளியும் இன்னும் சிலரும் மேலேறி வந்து கல்லில் கை வைத்தார்கள். உருட்டி, இழுத்து, ஏரிக்குள் இறக்கி, மதகின் வாயில் சாய்த்தார்கள். தண்ணீரின் அழுத்தமே கல்லைப் பிடித்து இறுக்கிக்கொண்டது. பொன் எழுத்து உள்பக்கம். ஓடைக்குப் போன தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. பயிருக்கு வேண்டியபோது கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தண்ணீர் விட்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வருஷம் கடைமடை வரை நெல் விளைந்தது.

விளைந்த நெல்லை நண்பன் அடிக்கும் வரை நான் தூங்கவில்லை. கல்லைக் காணோம் என்று யாராவது எழுதிப்போட்டால் விசாரணைக்கு வருகிறவன் நானாகத்தான் இருப்பேன். அப்போது யாரைச் சாட்சியாகப் போடுவது? விரல் இடுக்கையா?

அறுவடை முடிந்த பிறகு விழுப்புரத்தில் கட்சிக் கூட்டம் போட்டார்கள். ஆபீஸ் ஊழியர்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வர வேண்டும் என்று சேர்மன் கேட்டுக்கொண்டார். நண்பனும் கூட வந்தான். கல் எத்தனை நாள் தாங்கும், மதகுக்குப் பணம் ஒதுக்கியதாக இன்றைக்காவது சொல்வாரா என்று அவனுக்கு அப்போதும் ஒரு நப்பாசை. சாயங்கால வெயிலில் நாங்கள் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றோம்.

சேர்மன் மைக்கைப் பிடித்தார். "நான் கல்லு வெச்சேன், மதகு கட்டலன்னு எதிர்க்கட்சிக்காரன் பேசிக்கினு இருக்கான்" என்றார். நான் நண்பனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கல் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் வெச்ச கல்லு எங்க இருக்குது தெரியுமா? ரோட்டோரமா நின்னுக்கினு என் பேரக் காட்டிக்கினு இல்ல. ஏரித் தண்ணிக்குள்ள, எம் பேர மறைச்சிக்கினு, ஏழைங்க தண்ணிய நிறுத்திக்கினு இருக்குது! எவன்யா கேட்டான் மதகு? என் கல்லே மதகு!"

மைதானம் அதிர்ந்தது. விசில். ஒருத்தன் தலைப்பாகையை வானத்தில் வீசினான்.

நண்பன் என் பக்கம் சாய்ந்து, "மச்சான், இது நீ எழுதிக் குடுத்ததா?" என்று கேட்டான்.

"சத்தியமா இல்லடா. அவரே எழுதனது."

"ஒன்ன விட நல்லா எழுதறான்" என்றான்.

அதற்கப்புறம் அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஏரிக்குள் இறங்கினாலும் வாய் திறப்பதில்லை என்றார்கள். அடுத்த மழையில் கல் சரிந்தது. மதகு மனுவுக்கு நான் அப்போதும் அதே 'மேல்நடவடிக்கை' பதிலைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.